கருகிய மலையும் தழைத்த மலையும்

(மலையடிவார ஊராட்சிகளின் உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



காட்டுத்தீயைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். தீயை அணைக்கும் முறைகளை வன இலாகாவினர் நம்மைவிடச் செம்மையாக எடுத்துரைப்பர். ஆகவே, தீ அணைந்த பின்னர் மலையில் என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றி நாம் பேச எண்ணுகிறோம். எரிந்த மலை தானாகவே தழைக்கிறது. அதை நாம் கண்ணாரக் கண்டோம். அந்தத் தழைப்பை நம்பி ஊரார் கைகட்டி இருந்துவிட்டால் என்ன நேரும் என்பதையும் கண்டோம். இவ்விரண்டையும் உள்ளது உள்ளபடி சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

நாம் பிறந்த ஊர் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. ஊருக்கு மேற்கே மலை. மலைக்கும் ஊருக்கும் இடையே மானாவாரி நிலங்கள். மலையிடுக்கில் ஒரு சுனை. சுனையிலிருந்து ஓர் ஓடை. ஓடையின் நீர் வரத்துக் கால்வாய் வழியாக எங்கள் கண்மாயை வந்தடைகிறது. ஆதலின் மலை வேறு, வயல் வேறு என்று எங்கள் ஊரில் எவரும் எண்ணுவதில்லை. நெல்லிக்காயும் தேனும், துடைப்பத்திற்கு வேண்டிய ஈச்சங்குருத்தும் அந்த மலை தந்த செல்வங்களே.

2022-ஆம் ஆண்டு மாசி மாதக் கடைசியில் அந்த மலை எரிந்தது. அப்போது நாம் வேறொரு மாவட்டத்தில் பணியில் இருந்தோம். செய்தி கேட்டு ஊர் வந்து சேர்ந்தபோது தீ அணைந்து ஒரு நாள் கழிந்திருந்தது. வன இலாகாக் காவலர்களும் ஊர் இளைஞர்களும் பச்சைத் தழைகளால் அடித்தும், புல்லைச் செதுக்கி இடைவெளி உண்டாக்கியும் இரண்டு நாள் போராடி அணைத்திருந்தனர். உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் அடிவாரம் முதல் சுனைக்கு மேல்வரை மலை கரியாகக் கிடந்தது. நடந்தால் காலடியில் சாம்பல் எழும்பியது. பறவை ஒலியே இல்லை. புழு பூச்சியைத் தேடி இரண்டு கரிச்சான்கள் மட்டும் ஒரு மொட்டைக் கிளையில் அமர்ந்திருந்தன.

உயிர்ச்சேதம் இல்லை என்று சொன்னோம். அது எங்கள் ஊரின் நற்பேறு. அதே தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேலுள்ள குரங்கணி மலையில், 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலையேற்றத்திற்குச் சென்றவர்கள் காய்ந்த புற்சரிவில் தீயின் நடுவே அகப்பட்டு, 23 பேர் உயிரிழந்தனர். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது, அதன் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. ஆதலின் சமநிலத்தைவிட மலைச்சரிவில் தீ மிக வேகமாகப் பரவும். மலையேறும் தீக்கு முன்னால் மனிதன் ஓடித் தப்புவது அரிது. இதை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நலம்.

இனி, எங்கள் ஊர்த் தீ எவ்வாறு தொடங்கியது என்பதைக் கூற வேண்டும். சொல்வதற்குக் கூச்சமாக இருப்பினும் மறைத்தல் தகாது. அது நம்முடைய பெரியப்பாவின் நிலத்தில் தொடங்கிற்று. சோளத்தட்டை அறுத்த பின் வரப்பில் நின்ற காய்ந்த புல்லை அவர் ஒரு பிற்பகலில் கொளுத்தினார். ஆண்டுதோறும் செய்யும் வேலைதான். அன்று காற்று திரும்பியது. கணப்பொழுதில் தீ வரப்பைத் தாண்டி, ஓடைப் புறம்போக்கைத் தாண்டி, மலையைப் பற்றிக்கொண்டது.

நமது நாட்டில் மின்னலால் உண்டாகும் காட்டுத்தீ மிகச் சொற்பம். பெரும்பாலானவை மனிதர் கைப்பட்டே எழுகின்றன. வரப்புக் கொளுத்துதல், அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு, தேன் எடுக்கக் கொண்டுபோன பந்தம், இளம்புல் முளைக்கட்டும் என்று மேய்ப்பவர் வைக்கும் தீ ஆகியவையே காரணங்கள். பிறரை மட்டும் குறை கூறவில்லை. சிறுவயதில் ஆடு மேய்ப்பவர்களோடு சென்று, காய்ந்த புல்லுக்குத் தீ வைத்து வேடிக்கை பார்த்தவர்களில் நாமும் ஒருவர்.

தீ எங்கே தொடங்கியது என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் எவரும் வாய் திறக்கவில்லை. உறவினர் சிலர் நம்மிடம் வந்து, "நீங்கள் அதிகாரி, மேலே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்" என்று கேட்டனர். நம்மைத் தோளில் தூக்கி வளர்த்தவர் பெரியப்பா. அவர் திண்ணையில் தலைகுனிந்து அமர்ந்திருந்ததைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. இருப்பினும் பரிந்து பேச நாம் இசையவில்லை. அவரிடம் ஒன்று மட்டும் சொன்னோம்: "பெரியப்பா, தீ எங்கே பிறந்தது என்று ஊர் ஒப்புக்கொள்ளாவிட்டால், அடுத்த ஆண்டு எங்கே காவல் நிற்பது என்று எப்படித் தெரியும்?" அவர் மறுமொழி சொல்லவில்லை.

2022 மே முதல் நாள் கூடிய கிராம சபையில் அவரே எழுந்து நின்றார். "என் வரப்பில் வைத்த தீதான் மலை ஏறியது. தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். இனிமேல் தை பிறந்தால் வைகாசி முடியும்வரை எவரும் வரப்பைக் கொளுத்தக் கூடாது என்று இந்தச் சபை எழுதி வைக்கட்டும்" என்றார். சபை அவ்வாறே தீர்மானம் செய்தது. சட்டப்படி விதித்த அபராதத்தையும் அவர் செலுத்தினார். எழுபது வயதைக் கடந்த ஒரு விவசாயி, தம் ஊரார் முன்னிலையில் அவ்வாறு சொன்னது எளிய காரியம் அன்று.

தீயணைந்து மூன்றே வாரத்தில், மழை பெய்வதற்கு முன்னரே, கரிக்கு நடுவே பசும்புல் எழுந்தது என்று ஊரிலிருந்து கடிதமும் தொலைபேசிச் செய்தியும் வந்தன. இதில் வியப்பில்லை. புல்லின் உயிர் அதன் நுனியில் இல்லை. மண்ணை ஒட்டிய அடிக்கட்டையில் உள்ளது. புல் எரியும் தீ வேகமாக ஓடிவிடுவதால், அதன் வெப்பம் மண்ணுக்குள் ஆழமாக இறங்குவதில்லை. எனவே மேலே கரிந்த புல் கீழிருந்து தளிர்க்கிறது. சுக்குநாறிப் புல் அவ்வாறே வந்தது, ஈச்சம்புதரும் வந்தது. விழுந்து கிடந்த பெருமரம் நெடுநேரம் கனன்ற இடங்களில் மட்டும் மண் செங்கல்போல் சிவந்து வெறுமையாகக் கிடந்தது.

சித்திரையில் முதற் கோடைமழை கொட்டியது. அன்று கண்மாய்க்கு வந்த நீர் மை கரைத்ததுபோல் கறுத்திருந்ததாம். சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் உண்டு. அது மண்ணிலேயே தங்கினால் உரம். புல்லும் சருகும் மூடாத சரிவில் அது தங்குவதில்லை. மேலும், தழை எரியும்போது எழும் மெழுகு போன்ற பொருள் மேல்மண்ணில் படிந்து, நீரை உள்ளே இறங்கவொட்டாமல் தடுக்கும். ஆதலால் முதல் மழை ஊறாமல் வழிந்தோடி, சாம்பலையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போய்விட்டது. எங்கள் வரத்துக் கால்வாயில் அரை முழ உயரத்திற்கு மணலும் கரியும் படிந்தன. அவ்வாண்டு நூறு நாள் வேலையில் அதை அள்ளிக் கரை சேர்த்தனர்.

2023-ஆம் ஆண்டு பொங்கலுக்கு நாம் ஊர் திரும்பினோம். பேருந்தை விட்டு இறங்கி மேற்கே நோக்கியதும் உள்ளம் குளிர்ந்தது. மலை முழுவதும் பச்சை! கரிக்கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. மயில் அகவியது, மைனாக்கள் கூட்டமாகப் பறந்தன. வாசலில் நின்ற பெரியப்பா மலையைச் சுட்டிக்காட்டி, "பார்த்தாயா தம்பி, மலை பிழைத்துக்கொண்டது" என்றார். அவர் முகத்தில் பத்து மாதத்திற்குப் பிறகு சிரிப்பைக் கண்டோம்.

மறுநாள் காலையில் அவரையும் அழைத்துக்கொண்டு மலையேறினோம். தொலைவில் கண்ட பசுமை அருகே சென்றபோது வேறு விதமாகத் தோன்றிற்று. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பச்சையாகத் தெரிந்ததில் பெரும்பகுதி புல்லே. அதுவும் இடுப்பளவு வளர்ந்து, நுனி பழுக்கத் தொடங்கியிருந்தது. மரங்கள் இருந்த இடத்தையும் அது நிரப்பியிருந்தது. இன்னும் ஒரு மாதத்தில் அவ்வளவும் சருகு. அதாவது, நாம் கண்டு மகிழ்ந்த பசுமையே அடுத்த தீக்கு விறகாக நின்றது.

இரண்டாவது, தடித்த பட்டையுடைய பெருமரங்கள் பிழைத்திருந்தன. வேங்கையும் கருமருதும் அடியில் கருகியிருந்தும் தலையில் தழைத்திருந்தன. ஆனால் கைக்கனமுள்ள இளமரங்கள் பட்டுப்போயிருந்தன. அவற்றின் வேர் மட்டும் இறக்கவில்லை. நெல்லியிலும் கடுக்காயிலும் அடிக்கட்டையைச் சுற்றிப் புதிய தளிர்கள் எழும்பியிருந்தன. முதுமலைக் காட்டில் 1988-ஆம் ஆண்டு முதல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 50 எக்டேர் நிலத்தை அளந்து வைத்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் கணக்கெடுத்து வருகின்றனர். தீ வந்த ஆண்டுகளில் சிறுமரங்களே மிகுதியாக மடிவதையும், அவற்றுள் பல வேரிலிருந்து மீண்டும் துளிர்ப்பதையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். எங்கள் மலையிலும் அதே கதைதான். ஆனால் எங்கள் மலையின் தளிர்களில் பலவற்றுக்கு நுனி இல்லை. ஆடுகள் கடித்திருந்தன.

மூன்றாவது, சுனைக்கரை. அங்கே நாவலும் அத்தியும் ஆண்டு முழுதும் நிழல் தந்து நின்றவை. ஈரத்தில் வளரும் இம்மரங்கள் தீக்கு ஈடு கொடுக்கவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை மொட்டையாக நின்றன. நிழல் போனதால் வெயில் நேரே சுனையில் விழுந்தது. சருகு மெத்தை போனதால் மண் நீரைப் பிடித்து வைக்கவில்லை. பங்குனி கடைசிவரை ஊறும் சுனை அவ்வாண்டு மாசித் தொடக்கத்திலேயே வற்றியது.

நான்காவது, மரம் பட்ட இடங்களிலெல்லாம் உண்ணிச்செடி புகுந்திருந்தது. அது வெளிநாட்டுச் செடி. ஆடும் மாடும் தின்னாது. எரிந்தாலும் அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் செழித்து வரும். பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையை எங்கும் பரப்பும்.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு பெரியப்பா ஒரு கருகிய நாவல் மரத்தடியில் அமர்ந்துவிட்டார். "புல்லைப் பார்த்து ஏமாந்துவிட்டேனே" என்றார். அவர் மட்டுமா? பட்டம் பெற்ற நாமும் பேருந்து நிலையத்தில் நின்று அப்படித்தான் ஏமாந்தோம்.

படித்த இளைஞர் சிலர், "தீ காட்டுக்கு நன்மை செய்வதாக நூல்களில் உள்ளதே" என்று கேட்பதுண்டு. உண்மைதான். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் 1988-ஆம் ஆண்டு ஏறத்தாழ 8 லட்சம் ஏக்கர் நிலம் தீக்கு இரையாயிற்று. அங்குள்ள ஒருவகைப் பைன் மரத்தின் காய்களில் ஒரு பகுதி பிசினால் மூடிக் கிடந்து, தீயின் வெப்பம் பட்டபின் திறந்து விதையைக் கொட்டும். ஆகவே எரிந்த நிலத்தில் இலட்சக்கணக்கான கன்றுகள் தாமாகவே முளைத்தன. அத்தகைய பெருந்தீ அங்கே பல தலைமுறைகளுக்கு ஒருமுறை வருவது. எங்கள் மலைக்கோ அத்தகைய காய் இல்லை. அத்தகைய இடைவெளியும் இல்லை. வேரிலிருந்து எழும் ஒரு தளிர், அடுத்த தீயைத் தாங்கும் பட்டை கட்டுவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தீ வருமானால், வேரின் சேமிப்பு தீர்ந்து, ஒருநாள் அது துளிர்ப்பதையே நிறுத்திவிடும். பிறகு மலையில் புல்லும் உண்ணிச்செடியுமே மிஞ்சும். எரிந்ததா இல்லையா என்பதைவிட, மீண்டும் எப்போது எரிகிறது என்பதே பெரிய கேள்வி.

மலையிலிருந்து இறங்கியதும் பெரியப்பா ஊராட்சித் தலைவர் வீட்டிற்கே நேராகச் சென்றார். 2023 சனவரி 26-ஆம் நாள் கிராம சபையில் இப்பொருள் பேசப்பட்டது. அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். மலையடிவாரத்தில் மேய்ச்சலை நிறுத்துவதென்றால் நிலமற்ற குடும்பங்களின் ஆடுகள் எங்கே போகும்? ஆடு வளர்க்கும் ஓர் அம்மையார் எழுந்து, "தீ வைத்தவர் நிலக்காரர், பட்டினி கிடப்பது என் ஆடா?" என்று கேட்டார். சபையில் பேச்சில்லை. அக்கேள்வி நியாயமானது.

அதற்கு ஊரே விடை கண்டது. அறுவடையான தங்கள் நிலங்களில் ஆட்டுக்கிடை போடுவதற்கு நிலக்காரர்கள் முறை வைத்து ஒப்புக்கொண்டனர். ஆட்டுக்குத் தட்டையும் தாளும் கிடைத்தன. நிலத்துக்கு எரு கிடைத்தது. கிடைக்கூலியும் ஆட்டுக்காரருக்குச் சேர்ந்தது. கால்வாய்க் கரையில் அகத்தியும் வேலிமசாலும் விதைத்தனர். அடிவாரப் புறம்போக்கில் புல்லை அறுத்துச் சுமந்து வரலாம், ஆனால் மேய்க்கக் கூடாது என்று இரண்டு மழைக்காலங்களுக்குக் கட்டுப்பாடு செய்தனர். வன எல்லைக்கு உட்பட்ட பகுதியில் வன இலாகாவின் விதியை மீறுவதில்லை என்றும் தீர்மானித்தனர். இதில் இரட்டை நன்மை உண்டு. அறுத்த புல் ஆட்டுக்கு உணவு. அறுத்த இடம் தீக்குத் தடை.

இனி, எங்கள் ஊர் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். உங்கள் ஊருக்குப் பொருந்துவனவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள்.

தை மாதம் முடிவதற்குள், மலையை ஒட்டிய நிலக்காரர் ஒவ்வொருவரும் தம் எல்லையில் புல்லைச் செதுக்கி வெற்று மண் தெரியும்படி ஒரு பட்டை விட வேண்டும். வன எல்லைக்குள் தீத்தடுப்புக் கோடு எடுப்பது வன இலாகாவின் பணி. அதற்கு ஆள் உதவி செய்வது நம் கடமை.

தட்டையையும் வரப்புப் புல்லையும் கொளுத்தாமல் எருக்குழியில் இடுங்கள். கொளுத்தும்போது தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போய்விடுகிறது. அதை மீண்டும் உரக்கடையில் விலை கொடுத்து வாங்குகிறோம்.

தீ நேர்ந்துவிட்டால், முதல் கோடைமழைக்கு முன்பாகவே சரிவுக்குக் குறுக்கே கல்வரிசையும், பட்ட கிளைகளும் இட்டு மண்ணைத் தடுக்க வேண்டும். சிறு ஓடைகளில் கல்லடுக்கித் தடுப்பு வைக்கலாம். எங்கள் ஊர் இதை ஓராண்டு தாமதித்தே செய்தது. போன மண் திரும்பவில்லை.

உண்ணிச்செடி இளசாக இருக்கும்போதே, பூப்பதற்கு முன், வேரோடு களைய வேண்டும். வெட்டிவிட்டால் மட்டும் போதாது.

வேரிலிருந்து துளிர்க்கும் மரங்களைக் காப்பதே முதல் வேலை. கன்று நடுவது அதற்கு அடுத்தது. பட்டுப்போன சுனைக்கரையில் மட்டும், வன இலாகாவின் இசைவோடு, அதே மலையின் நாவல், அத்தி, புங்கம் விதைகளை ஊன்றினால் போதும். விரைவில் வளரும் என்று வெளிமரங்களைக் கொண்டுவந்து நட வேண்டாம்.

கடைசியாக, தீயைக் கண்டதும் உடனே சொல்லுங்கள். இன்று வானில் சுற்றும் துணைக்கோள்கள் தீயைக் கண்டறிகின்றன. இந்திய வன அளவை நிறுவனத்தார் அச்செய்தியைக் கைப்பேசி வாயிலாக அனுப்புகின்றனர். ஆயினும் துணைக்கோள் நம் மலைக்கு மேலே வரும் நேரத்தில்தான் அது காணும். வயலில் நிற்கும் விவசாயியின் கண் எந்நேரமும் காணும். தன் கையால் நேர்ந்த தீயானாலும் மறைக்காமல் சொல்பவரை ஊர் தூற்றக் கூடாது. தூற்றினால் அடுத்தவர் மறைப்பார். மறைத்த அரைமணியில் தீ மலையேறிவிடும்.

2025-ஆம் ஆண்டு பொங்கலுக்கு நாம் மீண்டும் ஊர் சென்றோம். இம்முறை பேருந்தை விட்டு இறங்கியதும் மலையைப் பார்த்து முடிவு கட்டவில்லை. ஏறிச் சென்று பார்த்தோம். 2022-க்குப் பிறகு அங்கே தீ வரவில்லை. நெல்லித் தளிர்கள் ஆள் உயரம் வளர்ந்திருந்தன. ஒன்றிரண்டில் காயும் கண்டோம். பெண்கள் ஈச்சங்குருத்துக் கட்டுகளோடு இறங்கி வந்தனர். சுனைக்கரையில் ஊன்றிய நாவல் இடுப்பளவே வந்திருந்தது. அது பழைய நிழலைத் தருவதற்கு இன்னும் ஒரு தலைமுறை ஆகலாம். சுனையில் நீர் இருந்தது. அவ்வாண்டு பங்குனி முதல் வாரம்வரை ஊறியதாகப் பின்னர் கேள்விப்பட்டோம். முன்போல் பங்குனி முழுவதும் ஊறவில்லை.

இறங்கும்போது பெரியப்பாவிடம், "இப்போது மலை பிழைத்துக்கொண்டதா?" என்று கேட்டோம். அவர் சற்று நின்று, "பிழைத்துக்கொண்டு வருகிறது தம்பி. நாவல் நிழலை நான் பார்க்க மாட்டேன். உன் பேரன் பார்த்தால் போதும்" என்றார். பிறகு கையிலிருந்த அரிவாளால் வழியோரத்து உண்ணிச்செடி ஒன்றின் வேரைச் சுற்றித் தோண்டத் தொடங்கினார்.

பெருமக்களே! மலை தன் பங்கை ஒருநாளும் தவறவிடுவதில்லை. மழை வருமுன்னே புல் எழுப்புகிறது. கருகிய வேரிலிருந்து தளிர் விடுகிறது. அந்தத் தளிரை ஆட்டின் வாயிலிருந்தும் அடுத்த தீயிலிருந்தும் காப்பது நம் பங்கு. வருகிற தை மாதத்திற்கு முன் உங்கள் கிராம சபையில் இதைப் பற்றி ஒரு தீர்மானம் செய்யுங்கள். செய்த தீர்மானத்தை மாசியில் மறவாதீர்கள். இதுவே நமது விண்ணப்பம்.